ஒரு சாண் துணி

வேலூர்,
சித்திரை 20

அன்புள்ள மல்லிகா,

உன் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? போன மாதமே எழுதியிருக்க வேண்டும். மகளுக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பியதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அதனால் நானும் அவரும் ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பண்ணையில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தோம். அங்கே தேனீ வளர்ப்பும் தறியும் கற்றுத் தருகிறார்கள்.

புங்க மரத்தடியில் ஆறு பெட்டிகள். எறும்பு ஏறாமல் இருக்க, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் நியூட்டன் பெட்டி. நூறு வருஷத்துக்கு முன் திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்காக அமைத்தது. தலையில் பூ வைக்காதீர்கள், வாசனை எண்ணெய் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தேங்காய் நாரைப் புகைய விட்டு, மூடியைத் திறந்து, தேனடை கட்டிய ஒரு மரச்சட்டத்தை என் கையில் கொடுத்தார் பண்ணைக்காரர். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அடையில் ஒரு அறையின் மூடியைக் கடித்துக்கொண்டு ஒரு இளம் தேனீ தலையை நீட்டியது. மேலெல்லாம் சாம்பல் நிறப் பூனைமுடி. முட்டையிலிருந்து இந்த நிலைக்கு வர மூன்று வாரம் போல ஆகுமாம். வெளியே வந்ததும் முதல் வேலை, அறைகளைச் சுத்தம் செய்வது. எனக்குப் பேத்தி ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விரலில் ஒன்று கொட்டியது. கொடுக்கை உடனே நகத்தால் வழித்துவிட்டேன். வலி பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கொட்டிய தேனீ பிழைக்காது என்றார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் தறி. மல்லிகா, இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் குடியாத்தம் வீட்டில் இருந்ததே, அதே மாதிரிக் குழித்தறி. குழியில் காலை இறக்கியதும் அந்த ஈரமண் வாசனை! மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும், வலது கையால் கயிற்றை இழுத்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட வேண்டும், இடது கையால் அந்த நூலை நெருக்கும் அச்சுப்பலகையைத் தட்ட வேண்டும். கால் சரியாக வந்தால் கை நின்றுவிடுகிறது. பத்து நிமிஷத்தில் ஒரு இழை அறுந்தது. அதைத் தேடிப் பிடித்து முடி போடுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. அரை நாள் உட்கார்ந்து ஒரு சாண் நெய்தேன்.

உங்க அப்பா விடிய விடியக் கைலி நெய்வாரே. பள்ளிக்கூடம் விட்டதும் நீ நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றணும் என்று ஓடுவாய். விளையாட வராமல் போகிறாளே என்று உன்மேல் எனக்கு எத்தனை கோபம்! அந்தத் தறிச் சத்தத்தைத் தினமும் கேட்டுக்கொண்டே உங்கள் திண்ணையில் முறுக்கு தின்றவள் நான். ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்து, கால் வலிக்கிறதா மாமா என்று கேட்டதில்லை. அவர் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஒரு சாண் துணியை இதோடு அனுப்புகிறேன். ஓரம் கோணலாக இருக்கும். உங்க அம்மாவின் ராட்டை இன்னும் பரணில் இருக்கிறதா? ஆடியில் நீ ஊருக்கு வரும்போது இறக்கிப் பார்க்கலாம்.

அன்புடன்,
சுமதி