சோபாவில் ஒட்டிய கருப்பு

கொளச்சல்,
ஆவணி 8

மக்களே,

போன வாரம் போனில் கேட்டாயே, ஹாலில் கிடக்கிற வெள்ளை சோபாவில் குஷனுக்கு அடியில் ஏதோ கருப்பாக ஒட்டியிருக்கிறது, என்ன தேய்த்தும் போகவில்லை என்று. பக்கத்தில் உன் அம்மா நின்றாள். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அது நான்தான். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சத்தம் போடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வருவதற்கு முன்னாலேயே சொன்னாய், "நியூகாசில்ல பார்க்க ஒண்ணும் இல்லப்பா, கரியும் கப்பலும்தான்." அப்புறம் லீவு போட்டு மூன்று நாள் சிட்னியைச் சுற்றிக் காட்டினாய். அம்மா இன்னும் ஓபரா ஹவுஸ் போட்டோவைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்கு சிட்னியில் கால் வலித்தது, வேறு விசேஷம் இல்லை. ஆயுசு முழுக்க விசைப்படகு என்ஜினுக்குள் கையை விட்டுக் கிடந்தவனிடம் கரியும் கப்பலும்தான் இருக்கிறது என்று சொன்னால் அவன் வேறு எங்கே போவான்?

நைட் டியூட்டி முடிந்து வந்து நீ தூங்குவாய். நான் நாலு மணிக்கே எழும்பி ஜன்னலில் நிற்பேன். தூரத்தில் வரிசையாக வெளிச்சம். கணவாய் மீனுக்கு லைட் போட்டு நிற்கிற படகுகள் மாதிரி இருக்கும், ஆனால் எல்லாம் கரிக்காகக் காத்து நிற்கிற கப்பல்கள். ஒரு நாள் பதினொன்று எண்ணினேன். உலகத்திலேயே அதிகம் நிலக்கரி ஏற்றுமதி செய்கிற துறைமுகம் என்கிறார்கள், நீ என்னவோ அதைக் குறை மாதிரிச் சொன்னாய். 1799-லேயே அங்கிருந்து வங்காளத்துக்குக் கரி கப்பலேறியிருக்கிறது தெரியுமா? நீ அங்கே போவதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த ஊருக்கும் நம் நாட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது.

இனி இரண்டாவது குற்றம். ஒரு செவ்வாய்க்கிழமை, நீ தூங்கிய பிறகு, பஸ்ஸுக்கும் படகுக்கும் டிக்கெட்டாக நீ வாங்கித் தந்த ஓபல் கார்டை எடுத்துக்கொண்டு தனியாக ஸ்டாக்டன் படகில் ஏறினேன். சில நிமிஷத்தில் அக்கரை. அங்கே உள்ள அலைத்தடுப்புச் சுவர் சாதாரணச் சுவர் இல்லை மக்களே, அதற்குள் கப்பல்கள் கிடக்கின்றன. முகத்துவாரத்து மணல் திட்டில் மோதி உடைந்தவை. 1904-ல் அடால்ஃப் என்று ஒரு பிரெஞ்சுப் பாய்க்கப்பல், நாலு பாய்மரம். இழுவைப் படகுகள் உள்ளே இழுத்துவரும்போதே அலை தூக்கிக்கொண்டு போய், முன்பே உடைந்து கிடந்த கப்பல்களின் மேல் வைத்துவிட்டது. பிறகு அவற்றின் மேலேயே கல்லைப் போட்டுச் சுவர் கட்டிவிட்டார்கள். துருப்பிடித்த இரும்பு இன்னும் தெரிகிறது. அரை மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றேன். நம் ஆட்கள் ஆனி ஆடியில் முகத்துவாரம் தாண்டுகிறபோது கரையில் பெண்கள் எப்படி நிற்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

சுவரைத் தாண்டி வடக்கே போனால் கடற்கரை அரித்துக் கிடக்கிறது. நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு வயசாளி நின்றார். கடலைக் காட்டி "கான்", அதாவது போய்விட்டது, என்றார். நானும் "மை வில்லேஜ் ஆல்சோ கான்" என்றேன். என் இங்கிலீஷ் அவருக்குப் புரிந்தது, கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருகிறது. துறைமுகத்துக்காகப் போட்ட சுவர் அதை மறிக்கிறது. அதனால் இந்தப் பக்கம் நாபிஸ் பீச்சில் மணல் சேர்ந்து நீங்கள் குளிக்கிறீர்கள், அந்தப் பக்கம் ஸ்டாக்டன் கரைகிறது. நம் ஊரில் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் நடக்கிற அதே கதை. ஒரு ஊர் தப்பிக்கும், அடுத்த ஊரில் வீடு போகும்.

நீ என்னைக் கூட்டிக்கொண்டு போன நாபிஸ் குன்று நல்ல இடம்தான். 1818-ல் தொடங்கி 1846 வரை, கைதிகளை வைத்துக் கடலுக்குள் கல் போட்டு அந்தக் குன்றைக் கரையோடு சேர்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் வெட்டியும் எடுத்துவிட்டார்கள், பாவம். அதற்குள் ஒரு பெரிய கங்காரு இருக்கிறது, அது வாலை அடித்தால் பூமி நடுங்கும் என்று அந்த மண்ணின் ஆதிக்குடிகள் சொல்வார்களாம். 1989 டிசம்பர் 28-ல் நடுங்கியிருக்கிறது, 13 பேர் போனார்கள். நமக்கு டிசம்பர் 26.

நாபிஸ் பீச்சில் 2007-ல் பாஷா பல்கர் என்ற கப்பல் தரைதட்டியதைப் பற்றி மருமகன் சொன்னதில் ஒரு திருத்தம். என்ஜின் பழுதானதால் அல்ல. கரி ஏற்றக் காத்து நின்றபோது புயல் எச்சரிக்கை வந்தது, கிளம்பத் தாமதம். அவ்வளவுதான். வெறும் கப்பல் காற்றுக்கு நிற்காது. 22 பேரையும் ஹெலிகாப்டரில் தூக்கிவிட்டார்கள் என்பதுதான் நல்ல செய்தி.

சரி, கறைக்கு வருகிறேன். குன்றுக்குக் கீழே நீ போன் பேசிக்கொண்டிருந்தாய். அங்கே பாறையில் கரி அடுக்கு கருப்புக் கோடாக ஓடுகிறது, வேட்டிக்குக் கரை பிடித்த மாதிரி. கீழே ஒரு துண்டு விழுந்து கிடந்தது, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மணவாளக்குறிச்சியில் மணல் லாரி பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஒரு வியாதி. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கு மேண்டிலுக்கு அது வேண்டியிருந்தது. அந்தக் கருமணல் ஒரு பாட்டில் நிறைய நம் அலமாரியில் இருக்கிறது. "கண்ட மண்ணையும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க" என்று அம்மா இருபது வருஷமாகத் திட்டுகிறாள். அவள் கண்ணில் படாமல் இருக்கத்தான் குஷனுக்கு அடியில் வைத்தேன்.

கரித்துண்டை ஊருக்குக் கொண்டுவரவில்லை. ஏர்போர்ட்டில் பிடித்தால் உன் பெயர்தான் கெடும். உன் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியில் நாலு விரல் ஆழத்தில் இருக்கிறது, கிளறாதே, அடுத்த தடவை வரும்போது நான் எடுத்துக்கொள்கிறேன். கறையில் தண்ணீர் வைத்துத் தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். நன்றாகக் காயவிட்டு, காய்ந்த பிரஷால் மெல்லத் தட்டி எடு. அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

அப்பா