கதிர்வீச்சால் உரியும் தோலுக்கு லேசர் ஒளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுவோரின் தோல் சிவந்து, கருத்து, சிலருக்கு நீர் கசிந்து உரிகிறது. வலி தாங்காமல் சிகிச்சையை இடையில் நிறுத்துவோரும் உண்டு. இதைக் குறைக்கும் குறைசக்தி லேசர் சிகிச்சை, கதிர்வீச்சு வசதியுள்ள எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் வரவேண்டும்.

பெல்ஜியத்தில் 120 நோயாளிகளிடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், 808, 905 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு லேசர் ஒளியை வாரம் இருமுறை, சதுர சென்டிமீட்டருக்கு 4 ஜூல் வீதம் கொடுத்தார்கள். கதிர்வீச்சு முடிவில் ஈரப்புண் (நீர் கசிந்து உரியும் புண்) கண்டவர்கள், ஒப்பிடுவதற்காக ஒளியின்றிப் பாவனையாகச் செய்த போலிச் சிகிச்சைப் பிரிவில் 30 சதவீதம்; லேசர் பிரிவில் சுமார் 7 சதவீதம்தான்.

ஆனால் கருவி வாங்கினால் மட்டும் போதாது. முதல் நாள் கதிர்வீச்சிலிருந்தே தொடங்கவேண்டும். தோல் உரிந்தபின் தொடங்கினால் தடுக்கும் வாய்ப்பு போய்விடும். ஒளியின் திறன் சதுர சென்டிமீட்டருக்கு 0.168 வாட் என்றால், அந்த 4 ஜூல் சேர ஓரிடத்தில் சுமார் 24 விநாடி பிடிக்கவேண்டும். அதிக நேரம் காட்டினால் அதிகப் பலன் என்பது தவறு, அளவு மிஞ்சினால் பலன் குறையும். பெரும்பாலும் விட்டுப்போவது மார்பின் அடிமடிப்பும் அக்குளும். புண் அதிகம் வருவதும் அங்கேதான்! களிம்பைத் துடைத்துவிட்டே ஒளி காட்டவேண்டும். நோயாளி, ஒளி காட்டுபவர் இருவருக்கும் அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அகற்றப்படாத கட்டியின்மேல் நேரடியாகக் காட்டக்கூடாது.

ஒத்தடத்துக்கான அகச்சிவப்பு விளக்கு இதற்கு மாற்றல்ல. அதன் சூடு தோலை மேலும் புண்ணாக்கும்.

கதிர்வீச்சுப் பிரிவு செவிலியர்கள்,
மதுரை