யாரைச் சேர்த்துக்கொள்ளப் போகிறாய், அம்மிணி?

காங்கேயம்,
ஞாயிறு, பொழுதோட.

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன். பணம் கிடைத்துவிட்டது, ஆறு மாசம் நம்ம பக்கமே வந்து இருக்கப் போகிறேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டுவதைப் பற்றித்தான் ஆய்வு என்றாய். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் போனை அப்பாவிடம் கொடுத்தேன். கடைசியில் நீ சொன்ன ஒன்றுதான் மனசில் நெருடிக்கொண்டே இருக்கிறது. "கூட நாலு பேர் வேணும்மா. மூணு பேர் ரெடி. எல்லாம் என் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ்தான், கவலையே இல்லை" என்றாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் ரெண்டு தடவையாவது படிப்பாய்.

அதற்கு முன்னால் ஒரு பழைய விசயம். உன் இடது கை முழுசாக நீட்ட வராதே, அது எப்படி ஆனது என்று ஒறம்பரை யார் கேட்டாலும் "சின்னதுல பாக்காம ரோட்டுல ஓடிட்டா" என்றுதான் இத்தனை வருசமும் சொல்லி வந்திருக்கிறேன். நீயும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். நடந்தது அதுவல்ல. நீ ரெண்டாம் வகுப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி, நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். நான் எதிர்ப்பக்கம் பேக்கரி வாசலில் பன்னு வாங்கிக்கொண்டு நின்றேன். உன்னைப் பார்த்த சந்தோசத்தில் கையைத் தூக்கி "வா சாமி" என்று கூப்பிட்டேன். நீ என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடி வந்தாய். அந்த டிவிஎஸ் 50-காரர் மெதுவாகத்தான் வந்தார், அதனால் கையோடு போயிற்று. கூப்பிட்டது நான், அம்மிணி. ஏழு வயசுப் பிள்ளைக்கு அம்மா கூப்பிடுவதும் வண்டி வருவதும் ஒரே நேரத்தில் மனசில் நிற்காது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

நீ அனுப்பிய கட்டுரைகளை மெதுவாக, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பெரிய பெரிய திரைகளில் ரோட்டையும் கார்களையும் காட்டி, நடுவில் பிள்ளைகளை நிஜமாகவே நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரிசையாகக் கார்கள் வரும். ஆளுக்கு 20 தடவை தாண்ட வேண்டும். 6 வயசுப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு எட்டுத் தடவை அடி. 8 வயசுக்கு ஆறு, 10 வயசுக்கு ஐந்து, 12 வயசுக்கு ரெண்டு. 14 வயசு வந்த பிறகுதான் பெரியவர்களைப் போலத் தாண்டுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் இடைவெளி தெரிந்தும் காலை எடுத்து வைக்கச் சுணங்குகிறார்கள், அந்தச் சுணக்கத்திலேயே வண்டி வந்துவிடுகிறது என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

லண்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2011-இல் எழுதியது இன்னொன்று. வண்டி கிட்ட வர வர, பார்க்கிறவர் கண்ணில் அது பெரிசாகிக்கொண்டே வரும். அந்தப் பெருக்கத்தை வைத்துத்தான் நாம் வேகத்தைக் கணிக்கிறோம். வண்டி அஞ்சு நொடி தூரத்தில் இருக்கும்போது, பெரியவர்களுக்கு அது 80 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் கண்ணுக்குப் பிடிபடும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினாலே நம்ப முடியாது. அப்படியென்றால் வேகமாக வரும் லாரிதான் அந்தப் பிள்ளைக்கு நின்றுகொண்டிருக்கிற மாதிரி தெரியும். திருச்சி ரோட்டில் எந்த லாரி 32-இல் போகிறது, சொல்லு. முப்பது வருசம் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் "ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்த்தால் மட்டும் போதாது என்பது எனக்குத்தான் தெரியவில்லை.

சரி, கூட்டாளி விசயத்துக்கு வருகிறேன்.

நான் தலைமையாசிரியராக ஆன மூணாவது வருசம், மூணாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கார் அடித்துக் கால் ஒடிந்துபோனது. அந்த வாரமே ஒரு குழு போட்டேன். யாரைச் சேர்த்தேன் தெரியுமா? என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த டீச்சரை, அப்புறம் அவர் கூட்டிக்கொண்டு வந்த இன்னொரு டீச்சரை. மூணு பேரும் ஒரே மாதிரிப் பேசுவோம், ஒரே மாதிரி யோசிப்போம். அரைமணி நேரத்தில் மனு தயார். வேகத்தடை வேண்டும், எச்சரிக்கைப் பலகை வேண்டும், பள்ளிக்கூட கேட்டுக்கு நேராகப் பேரிகேட் வேண்டும். கையெழுத்து அழகு, வாக்கியம் அழகு. கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாளில் கொடுத்தோம். பேரிகேட்டும் வந்தது. நாலு மாசம் கழித்து இன்னொரு பிள்ளைக்கு மயிரிழையில் தப்பியது, அதுவும் பேரிகேட்டுக்கு நூறடி தள்ளி.

அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிற அக்கா என்னைக் கூப்பிட்டார். அவர் கடைக்குள் உயரமில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை மணைப்பலகையில் உட்கார்ந்தே இருப்பார். "டீச்சர், சித்த இங்க வந்து உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். தேன்மிட்டாய் பாட்டிலுக்கும் கமர்கட் பாட்டிலுக்கும் நடுவில் ரோடு தெரிந்தது. நாலேகால் டவுன் பஸ் வந்து நின்றது. நான் உட்கார்ந்திருந்த உயரத்தில் பஸ்ஸின் முன்சக்கரமும் அதில் இருக்கிற போல்ட்டுகளும் ஒட்டிப்போன சேறும்தான் தெரிந்தன. பஸ்ஸுக்கு அக்கட்டால என்ன வருகிறது என்று துளியும் தெரியவில்லை. பிள்ளைகள் பஸ்ஸில் ஏறாமல் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ஓடின. "கேட்டுகிட்ட எந்தப் புள்ளையும் அடிபடறதில்லீங்க. நின்ன பஸ்ஸுக்கு முன்னாடிதானுங்க அடிபடுது. அந்தப் பையனும் அப்படித்தானுங்க. நானே பாத்தனுங்க" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னைய யாருங்க கேட்டா?"

இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது. எங்கள் குழுவில் மூணு பேர். மூணு பேரும் ஸ்கூட்டரில் வந்து நேராகக் கேட்டுக்குள் நுழைகிறவர்கள். அந்த ரோட்டை நடந்து தாண்டியவர் ஒருத்தர்கூட இல்லை. போலீஸ் எழுதிய எப்ஐஆரில் எல்லா விபத்துக்கும் இருக்கிற அதே வரிதான் இருந்தது, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று. நின்ற பஸ்ஸைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். அந்தக் கணக்கில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் இப்படி ஒரு பெட்டிக்கடை இருக்கும், கேட்கத்தான் ஆளில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நடத்துநர்களிடம் பேசினோம். பள்ளிக்கூட ஸ்டாப்பில் பிள்ளைகளை இறக்கினால் பஸ் நகர்ந்து போகும்வரை சுவரோரம் நில்லுங்கள் என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் குழுவில் பெட்டிக்கடை அக்காவும் ஒரு நடத்துநரும் சேர்ந்த பிறகுதான் குழு குழுவாக இருந்தது.

நீ அனுப்பியதில் கூட்டாளி தேடுவதைப் பற்றிய கட்டுரையும் ஒன்று இருந்தது, 2000-இல் ஹிண்ட்ஸ் என்ற அம்மாவும் மற்றவர்களும் எழுதியது. நம்மைப் போல இருப்பவர்கள், கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவர்கள், ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்து பழகியவர்கள், இந்த மூணு பேர் பக்கம்தான் மனுசர் மனசு சாய்கிறது என்று இருந்தது. நீ அதைத் தலைப்பாக எடுத்துப் படித்திருக்கிறாய், படித்துவிட்டு அப்படியே மூணு காலேஜ் ஃப்ரெண்ட்ஸைச் சேர்த்திருக்கிறாய். குறை சொல்லவில்லை, நானும் செய்ததுதான். அவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள், நம்ம வீட்டில் வந்து சாப்பிட்டவர்கள். அவர்களை விட்டுவிடாதே. நாலாவது ஆளும் அதே மாதிரி வேண்டாம் என்கிறேன்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு மொரீனோ என்ற மனநல மருத்துவரின் முறை ஒரு பாடமாக உண்டு. யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று பிள்ளைகளிடம் கேட்டு, யார் யாரைச் சொன்னார்கள் என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைவது. 1934-இல் புத்தகமாக வந்தது. நான் அதை அஞ்சாம் வகுப்பில் ஒருதடவை செய்து பார்த்தேன். 31 சீட்டு. ஒரு பிள்ளை பேரை ஒருத்தரும் எழுதவில்லை. செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, நம்ம பேச்சு அதற்குப் பழகவில்லை. அதற்கப்புறம் கவனித்துப் பார்த்தால், மற்ற பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்கள், அது மட்டும் அவர்கள் எல்லாரும் தாண்டிய பிறகு தனியாகத் தாண்டுகிறது. லாரிக்காரர் கூட்டத்துக்கு நிற்பார், ஒத்தைப் பிள்ளைக்கு நிற்க மாட்டார். வகுப்பில் சேர்த்துக்கொள்ளாததும் ரோட்டில் தனியாகப் போனதும் ஒரே விசயம்தான், அம்மிணி. உன் ஆய்வில் இதைப் பார். படிப்பு வேறு, ரோடு வேறு என்று பிரித்துவிடாதே.

கூட்டமாகப் போனாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. முன்னால் போகிறது ஓடினால் பின்னால் இருப்பதெல்லாம் பார்க்காமல் ஓடும். அதனால்தான் ஜோடி போட்டேன், அஞ்சாம் வகுப்புப் பிள்ளை கையைப் பிடித்து ரெண்டாம் வகுப்புப் பிள்ளை. பெருமையாக எல்லாரிடமும் சொன்னேன். இப்போது அந்த அயோவாக்காரர்கள் சொல்வதைப் பார்த்தால், நான் பொறுப்பை ஒப்படைத்தது 10 வயசுப் பிள்ளையிடம். அதற்கே நூற்றுக்கு ஐந்து. ஒன்றும் ஆகவில்லை, மாகாளியம்மன் காப்பாற்றினாள். நீ வந்து எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஜோடி போட்டிருந்தாலும், ஒரு பெரிய ஆளை நிறுத்தச் சொல். சத்துணவு ஆயாவாக இருந்தாலும் போதும்.

நீ சின்னதில் உத்தி பிரிப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? களத்து மேட்டில் ரெண்டு தலைவர் நிற்பார்கள். ஏறத்தாழ ஒரே பலம் இருக்கிற ரெண்டு ரெண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போய் ரகசியமாகப் பேர் வைத்துக்கொண்டு வருவீர்கள். "வானத்துல பறக்கற கழுகு வேணுமா, கெணத்துல குதிக்கற தவளை வேணுமா?" தலைவன் கழுகு என்பான், கழுகு யாரென்று அப்புறம்தான் தெரியும். அதில் சினேகிதம் நுழைய வழியில்லை, கடைசியில் யாருக்கும் வேண்டாமல் ஒரு பிள்ளை நிற்பதும் இல்லை. நீ ஒருநாள் அழுதுகொண்டே வந்தாய், உனக்குப் பிடிக்காத பிள்ளை உன் பக்கம் வந்துவிட்டாள் என்று. அன்றைக்கு ஜெயித்தது உன் பக்கம்தான், அவள் ஓடிய ஓட்டத்தில்.

நாலாவது ஆளாக யாரைத் தேடுவது என்று நீயே யோசித்துக்கொள். கார், ஸ்கூட்டர் இல்லாதவராக இருந்தால் நல்லது. வெயிலில் நாலு மணிக்கு ரோட்டோரம் நிற்கக் கூச்சப்படாதவர் வேண்டும். சூளைப் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்தவர் என்றால் ரொம்ப நல்லது. உன் ஃப்ரெண்ட்ஸுக்கு அவர் பேச்சு முதலில் ஒத்துவராது. ஒரு மாசம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

வரும்போது உயரம் அளக்கிற டேப்பு ஒன்று கொண்டுவா. முதல் நாள் எல்லாரையும் ரெண்டாம் வகுப்புப் பிள்ளை உயரத்துக்கு உட்காரவைத்து ரோட்டைப் பார்க்கச் சொல். வேறு எந்தப் பயிற்சியும் முதலில் வேண்டாம்.

அப்பாவுக்குச் சளி பரவாயில்லை. காங்கேயம் சந்தையில் முருங்கை மலிவாக இருந்தது, காயவைத்துப் பொடி செய்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்.

இன்றைக்குக் காலையில் பெட்டிக்கடை அக்காவைப் போய்ப் பார்த்தேன். முட்டிவலி, ஆனாலும் கடை திறந்துதான் இருக்கிறது. நீ வருகிற விசயத்தைச் சொன்னேன். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் பிள்ளைகள் தாண்டுகிறார்கள் என்று தினமும் எழுதிவைக்க முடியுமா என்று கேட்டேன். எழுத வராது, கோடு போட்டு வைக்கிறேன் என்றார். அப்புறம், "காசு குடுப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டார். கண்டிப்பாகக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன் பட்ஜெட்டில் அவருக்கு ஒரு வரி போட்டுவிடு, சாமி.

அன்புடன்,
அம்மா