ஆறு தொட்டிக் கறிவேப்பிலை

மாரிஸ்வில், வட கரோலினா
அக்டோபர் 19

அன்புள்ள ராஜி,

பத்து மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். போனில் பேசியதை நீ கணக்கில் சேர்க்க மாட்டாய் என்று தெரியும். "நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா" என்பதைத் தாண்டி நாம் இரண்டு பேருமே எதுவும் பேசவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் எழுத வரவில்லை.

கிளம்பிய அன்று உன் கொல்லையில் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, மேலே செய்தித்தாள் மடித்து ஒரு பொட்டலம் கொடுத்தாயே, அந்தக் கறிவேப்பிலை இங்கே வந்து சேரவே இல்லை. "வாசம்கூடப் போகலை" என்று மறுநாள் உன்னிடம் சொன்னது பொய். விமான நிலையத்தில் "இலை, விதை, செடி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். அந்த அதிகாரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, மரியாதையாகத்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். இருபது மணி நேரத்துக்கு மேல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்து பிள்ளையைப் பார்த்ததும் அழுதேன். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் அம்மா அழுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த அதிகாரி செய்தது சரி. முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள், எனக்கே தெரிந்திருக்க வேண்டும். கறிவேப்பிலையும் ஆரஞ்சும் ஒரே குடும்பம், ருட்டேசி. ஆரஞ்சு மரத்தில் சாறு உறிஞ்சும் ஆசிய சைலிட் என்கிற சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். அதுதான் கிரீனிங் நோயைப் பரப்புவது. புளோரிடாவில் அந்த நோயை 2005இல் கண்டுபிடித்தார்கள். இருபது வருஷத்தில் அங்கே ஆரஞ்சு விளைச்சல் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போய்விட்டது. மருந்து தெளித்தும், மரத்தை வெட்டியும், ஒன்றும் பலிக்கவில்லை. அதனால் எந்த நாட்டிலிருந்தும் பச்சையாக ஒரு இணுக்குக்கூட உள்ளே விட மாட்டார்கள்.

சரி, அந்தப் பொய்யை விட எனக்குக் கனமாக இருந்தது வேறு. பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது நீ ஒன்று சொன்னாய். "அங்கே உன்னையும் இப்படித்தான் வெச்சுக்குவாங்க வசந்தா. தாளிக்கும்போது போடுவாங்க, சாப்பிடும்போது எடுத்து ஓரமா வெச்சிடுவாங்க." சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், ராஜி. நான் சிரித்தேன். விமானத்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கோபத்தில்தான் எழுதவில்லை. நீ சொன்னது பாதி உண்மையாகவும் இருந்ததுதான் இன்னும் கோபம்.

நலம் விசாரிப்பை இங்கேயே முடித்துவிடுகிறேன். முட்டி வலி அப்படியே இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பிள்ளையும் மருமகளும் நன்றாக இருக்கிறார்கள். மருமகள் நல்ல பெண், நீ பயந்த மாதிரி எதுவும் இல்லை. பேரன் முன்பல் இரண்டும் விழுந்து "ச" எல்லாம் "த" ஆகியிருக்கிறது. உன் வீட்டுக்காரர் நடைப்பயிற்சியை விடவில்லையே? பொற்கொடி டீச்சருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா? ஏழாம் நம்பர் அறைக்காரி இன்னும் எல்லோரையும் அதிகாரம் செய்துகொண்டுதானே இருக்கிறாள்?

நான் வந்தது டிசம்பர். பிள்ளை சொல்லித்தான் கூட்டிவந்தான், "அம்மா, இங்கே எல்லாம் கிடைக்கும்" என்று. கிடைக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. இட்லி அரிசி, நல்லெண்ணெய், வெந்தயம், கருப்பட்டி, உறையவைத்த முருங்கைக்காய், அரைத்து டப்பாவில் விற்கும் இட்லி மாவு எல்லாம் உண்டு. பக்கத்து ஊர் கேரியில் சாத்தம் ஸ்கொயர் என்று ஒரு கடை வளாகம் இருக்கிறது. அங்கே படேல் பிரதர்ஸில் நுழைந்தால் பெருங்காயமும் ஊதுபத்தியும் கலந்த அந்த மளிகைக்கடை வாசனை! முதல் நாள் நான் ஒன்றும் வாங்காமல் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். 1974இல் சிகாகோவில் ஒரே ஒரு கடையாகத் தொடங்கியதாம், இப்போது நாடு முழுக்க இருக்கிறது. கறிவேப்பிலை மட்டும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் இருபது இணுக்கு, ஒன்றரை டாலர், சில வாரம் இரண்டு. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் கேட்காமலே கொசுறாகக் கூடையில் போடுவார்களே, அதை இங்கே எண்ணி எண்ணிப் போட்டேன். குளிரில் மாவு புளிக்காது என்பதால் அடுப்புக்குள், அதாவது ஓவனுக்குள், விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி மாவுப் பாத்திரத்தை உள்ளே வைக்க வேண்டும். காலையில் பொங்கியிருக்கும். அது நல்ல உபாயம், மார்கழியில் நீயும் செய்து பார்.

ஆனால் கடைக்குப் போக வேண்டுமென்றால் சனிக்கிழமை வர வேண்டும், பிள்ளைக்கு நேரம் இருக்க வேண்டும், கார் எடுக்க வேண்டும். அதுதான் இந்த ஊர். ஐந்து நிமிஷக் கார்த் தூரத்தில் எல்லாம் இருக்கிறது, கால் நடையில் ஒன்றுமே இல்லை. பீபிகுளத்தில் வாசலில் நின்றால் பூக்காரம்மா, கீரைக்காரர், தபால்காரர், சண்டை போட ஒரு பக்கத்து வீடு. இங்கே வாசலில் நின்றால் பைன் மரம்தான். காலை ஏழரைக்கு வீடு காலியாகிவிடும். மூன்று மணிக்குப் பேரனின் மஞ்சள் பஸ் வரும்வரை நான் பேசிய குரல் குக்கர் விசிலுக்குக் கணக்குச் சொன்ன குரல்தான். சமைத்தேன், துணி மடித்தேன், ஜன்னலில் நின்றேன். அவர் போன பிறகு பீபிகுளம் வீட்டில் தனியாக இருந்ததைவிட இது தனிமை, ராஜி. பிப்ரவரியில் ஒரு நாள் உன் சொல்லை நினைத்துக்கொண்டு, ரசத்திலிருந்து எடுத்த கறிவேப்பிலையைத் தட்டில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஏப்ரலில் ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் இவ்வளவும்.

இந்த ஊர் நிர்வாகம் ஒரு சின்ன வேன் விடுகிறது. 2021இல் தொடங்கினார்களாம். காசு கிடையாது. செல்பேசியில் கேட்டால் நிறுத்தத்துக்கு வரும், இன்னொரு நிறுத்தத்தில் இறக்கிவிடும். எங்கள் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்குப் பன்னிரண்டு நிமிஷ நடை. மருமகள்தான் போனில் அதை ஏற்றிக்கொடுத்து, "அத்தை, நீங்களே போய்ட்டு வாங்க" என்றாள். அவள் அன்றைக்குச் செய்த உபகாரத்தை நான் மறக்க மாட்டேன். சேலையும் ஷூவுமாக ஏறினேன். பைன் மகரந்தம் மஞ்சள் பொடியாகக் கார், ரோடு, மொட்டைப் புல் எல்லாவற்றிலும் படிந்திருந்த வாரம் அது. சர்ச் ஸ்ட்ரீட் பூங்காவில் இறங்கினால், கண் முன்னால் கிரிக்கெட் மைதானம்! நிஜமான பிட்ச். 2023 ஜூலையில் மேஜர் லீக் கிரிக்கெட்டின் முதல் வருஷ ஆட்டங்கள் சில இங்கேதான் நடந்தன. மைதானத்தைச் சுற்றி நம் வயசுக்காரர்கள் நடக்கிறார்கள். குர்தா, ஸ்வெட்டர், சேலைக்கு மேல் பிள்ளையின் பழைய கோட்டு. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. இவ்வளவு பேரும் இத்தனை நாள் எந்தெந்த ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்கள்?

2000இல் இந்த ஊரில் 5,208 பேர்தான். 2020இல் 29,630. அதில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஆசியர்கள். பக்கத்திலேயே ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்கிற கம்பெனி வளாகம், 1959இல் காட்டை எடுத்துத் தொடங்கியது. அங்கே வேலைக்கு வந்த பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்குக் குழந்தைகள், அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நாங்கள்.

எங்கள் பெஞ்சில் நான்கு பேர். வாரங்கல் அம்மா எழுபத்து நான்கு வயசு, தெலுங்கைத் தவிர எதுவும் பேசமாட்டார், எல்லாம் புரியும். வடோதராவிலிருந்து வந்த ஒரு பென் (குஜராத்தியில் அக்கா, தங்கையைச் சொல்வது), தெப்லா என்கிற ரொட்டி செய்து துணியில் கட்டிக்கொண்டு வருவார். யாழ்ப்பாணத்து அக்கா, டொராண்டோவில் ஒரு மகள், இங்கே ஒரு மகள், வருஷத்தைப் பாதியாக வெட்டிக்கொடுத்திருக்கிறார். நான்காவது நான். ராவல்பிண்டிக்காரர் ஒருவர் எட்டுச் சுற்று நடந்துவிட்டு, எங்களிடம் நின்று பையன்களின் பந்துவீச்சைக் குறை சொல்லிவிட்டுப் போவார். என் இந்தி உனக்குத் தெரியும். எப்படிப் பேசிக்கொண்டோம் என்று கேட்காதே, நாள் முழுக்கப் பேசினோம்.

முதல் பேச்சே கறிவேப்பிலைதான்! பை விலையைச் சொல்லி நான் அங்கலாய்த்தேன். வாரங்கல் அம்மா "கரிவேபாக்கு" என்றார். பென் "மீட்டோ லிம்டோ" என்றார், இனிப்பு வேம்பு என்று அர்த்தமாம். நாமும் கறிக்கு ஆகும் வேம்பு என்றுதானே சொல்கிறோம், யார் யாரைக் கேட்டுப் பெயர் வைத்தார்கள்! எனக்கு உடனே தரங்கம்பாடி டூர் ஞாபகம் வந்தது. டேனிஷ் கோட்டைக்கு முன்னால் நம்மை வெயிலில் நிற்கவைத்து, செடிகளுக்கு விஞ்ஞானப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர் கோனிக் இந்த ஊருக்கு 1768இல் வந்தார், கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரில் அவர் பெயரைத்தான் வைத்தார்கள் என்று டீச்சர் சொன்னபோது, "கறிவேப்பிலைக்கு வெள்ளைக்காரன் பேரா?" என்று நீ சத்தமாகக் கேட்டாயே. அந்தக் கதையைச் சைகையும் தமிழும் இந்தியுமாகப் பெஞ்சில் சொன்னேன். வாரங்கல் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மறுவாரம் அவர் ஒரு தயிர் டப்பாவில் பக்கக்கன்று ஒன்று கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் மகன் வீட்டில் பழைய செடி ஒன்று இருக்கிறது, வேரிலிருந்து கிளம்புவதைப் பிரித்துப் பிரித்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். பணத்துக்குக் கிடைக்காதது என்று இல்லை. ஆனால் ராஜி, அந்த வாசனையை என் கையில் கசக்கி முகர்ந்தபோது உன் பொட்டலம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

ஜூன், ஜூலை எப்படிப் போனது என்றே தெரியவில்லை. இந்தச் செம்மண்ணும் புழுக்கமும் நம் ஊர் மாதிரியே இருக்கிறது. ரோட்டோரம் முழுக்கக் கிரேப் மிர்ட்டில், நம் பூமருதுக்குத் தங்கை. வார இறுதியில் கேரி பெருமாள் கோயில் கேன்டீன். 87 அடி ராஜகோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். 2022 தீபாவளியன்று ஆளுநர் ராய் கூப்பர் வந்து திறந்துவைத்தாராம். கேரியில் தீபாவளி விழா நடக்கும் திறந்தவெளி அரங்குக்குக் கோக்கா பூத் என்று பெயர். நம் சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்த கோகா சுப்பாராவ் வம்சம்தான் என்று வாரங்கல் அம்மா அடித்துச் சொன்னார். அது கேரி மேயராக இருந்த அமெரிக்கரின் பெயர் என்று பேரன் போனில் காட்டினான். அவர் இன்னும் நம்பவில்லை.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். அவர்கள் எல்லோரும் ஆறு மாத விசாக்காரர்கள். குளிர் விட்டதும் வருவார்கள், குளிர் வருமுன் போவார்கள். இந்தக் கூட்டம் பறவைக் கூட்டம் மாதிரி என்பது ஆகஸ்டு வரை என் மனசுக்கு உறைக்கவே இல்லை. எனக்குப் பச்சை அட்டை, நான் இங்கேயே இருப்பவள். செப்டம்பர் கடைசியில் பென் போனார். "ஆவ்ஜோ" என்றார். வாருங்கள் என்பதுதான் குஜராத்தியில் விடைபெறும் சொல்லாம். யாழ்ப்பாணத்து அக்கா டொராண்டோவுக்குப் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை வாரங்கல் அம்மா. அவருக்கு இதய மாத்திரை நான்கு. இன்னொரு தரம் இவ்வளவு தூரம் டாக்டர் விடுவாரா என்பது அவருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஏப்ரலைப் பற்றிப் பேசவில்லை. பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, பையன்கள் வலை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போகும்போது எல்லோரும் அவரவர் தொட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நேரம் இருக்காது, தண்ணீர் ஊற்ற மறப்பார்கள், நீ டீச்சர், நீ பார்த்துக்கொள் என்று. ராவல்பிண்டிக்காரரின் மனைவியும் ஒன்று கொடுத்தனுப்பினார். என்னுடையதோடு சேர்த்து ஆறு தொட்டி. வாரங்கல் அம்மா பழைய தாய்ச்செடியையே கொடுத்துவிட்டார். அது என் இடுப்புயரம் இருக்கிறது, பிள்ளை காரில் படுக்கவைத்து ஏற்றிவந்தான்.

இப்போது உன் உதவி வேண்டும். மதுரையில் நான் கறிவேப்பிலைக்குக் குளிர் பார்த்ததே இல்லை. இங்கே 36 பாகை வடக்கு. டிசம்பரில் வெளிச்சமே பத்து மணி நேரத்துக்குக் குறைவு. பத்து டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்று இலையைக் கொட்டும், வேர் உயிரோடு இருந்தால் மார்ச்சில் துளிர்க்கும் என்று தெரியும். தெற்கு ஜன்னல் ஓரம் ஆறுக்கும் இடம் ஒதுக்கிவிட்டேன். தண்ணீரை எவ்வளவு குறைப்பது? நுனியை இப்போதே கிள்ளிவிடவா, துளிர்க்கும்வரை விடவா? ஹீட்டர் காற்றில் செஞ்சிலந்தி வருமே, வேப்பெண்ணெய் போதுமா? உன் மைத்துனர் ஊட்டியில் தொட்டியில் வைத்திருந்தாரே, அவரிடம் கேட்டு எழுது. போனில் சொல்லாதே, எழுது. சம்பந்தியம்மா முன்னால் சொன்னதற்கு என்ன சொல்லப் போகிறாய் என்பதையும் அதே தாளில் எழுது.

இன்று ராத்திரி நான்கு டிகிரி என்கிறார்கள். சின்னது நான்கையும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன். தாய்ச்செடியும் பென்னுடையதும் இன்னும் வெளியே இருக்கின்றன. பிள்ளை கார் நிறுத்தும் சத்தம் கேட்கிறது, அவனைக் கூப்பிட்டு ஒரு கை பிடிக்கச் சொல்ல வேண்டும்.

உன்
வசந்தா