ஊசி போடும் நாளில் தாயையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஆவணியில் என் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மறுபடியும் பெண். சம்பந்தி வீட்டில் யாரும் ஏசவில்லை. "பரவாயில்லை, மகாலட்சுமி" என்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதே "பரவாயில்லை".

மூன்றாவது வாரத்திலிருந்து, குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். நான் பிரசவ லேகியம் கிளறினேன், பூண்டுக் குழம்பு வைத்தேன், திருஷ்டி சுற்றிப் போட்டேன். "நாங்கள்லாம் பெத்துக்கலையா?" என்றும் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

45-ஆம் நாள் ஊசிக்குப் போனோம். குழந்தையை எடை போட்டு அட்டையில் குறித்தார்கள், காய்ச்சல் மருந்து தந்தார்கள். தலைகூட வாராமல் வந்திருந்தவளிடம் கேட்டது ஒன்றுதான்: "பால் நல்லா குடுக்கறியாம்மா?" நர்ஸைக் குறை சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி, குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு மொட்டைமாடிச் சுவரோரம் நின்றாள். மறுநாளே திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, தமிழில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா என்று தொடங்கி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில் முடிகிறது. ஸ்காட்லாந்தில் உருவாகி 1987-ல் வெளிவந்ததாம். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"முன்னாடி இப்படி இருந்ததுண்டா?" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. கல்லூரியில் படிக்கும்போது மனச்சோர்வுக்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவள். கல்யாணப் பேச்சில் மறைத்தோம், சரி. கர்ப்பத்தில் பார்த்த டாக்டரிடமும் மறைத்தோமே! முன்பு வந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் திரும்பவும் வர வாய்ப்பு அதிகமாம்.

வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், பிள்ளை பெற்றவர்களில் 100-க்கு 11 பேருக்கு இந்த மனச்சோர்வு வந்திருந்தது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண், ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு என்று அடுக்கியிருந்தார்கள். "பெற்றோரோடும்" என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன்.

45, 75, 105-ஆம் நாள் ஊசிகளுக்கு எப்படியும் தாய்தான் பிள்ளையைத் தூக்கி வருகிறாள். அந்தத் தாளை அங்கேயே கொடுக்க அரசு ஏற்பாடு செய்யட்டும். மாமியாரையும் என்னைப் போன்ற அம்மாக்களையும் வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்; நான் பக்கத்தில் இருந்தால் அவள் "ஒண்ணுமில்லை" என்றுதான் எழுதியிருப்பாள்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். பாலும் கொடுக்கிறாள், டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

- ஓர் அம்மா, துறையூர்