பதினோரு வரிக்குதிரைகள்

அன்புள்ள சுந்தரம்,

நான் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள்தான் உன் கடிதம் வந்தது. பதில் எழுத நேரமில்லாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். "தாத்தா காலத்து நெல்லை நான் ஒருவன் மட்டும் நான்கு பானையில் காத்துக்கொண்டிருக்கிறேன், இதனால் என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருந்தாய். அந்த வரி வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது. இங்கே மகனும் பேரனும் நலம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் மகன் என்னை மலை வரிக்குதிரை தேசியப் பூங்காவுக்கு அழைத்துப்போனான். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாநிலத்தில், கிராடாக் ஊரை அடுத்த மலைகளில் இருக்கிறது. ஜூலை இங்கே குளிர்காலம். விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்திருந்தது. வண்டி மலையேறி மேலே இருக்கும் சமவெளியை எட்டியதும் மகன் இன்ஜினை நிறுத்தினான். இருபதடி தூரத்தில் ஒரு குடும்பம்: ஓர் ஆண், மூன்று பெட்டைகள், ஒரு குட்டி. ஆண் எங்களுக்கும் குட்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது.

படத்தில் பார்க்கும் வரிக்குதிரை இல்லை இது, கேப் மலை வரிக்குதிரை என்ற தனி வகை. தொண்டைக்குக் கீழே சிறிதாகத் தொங்கும் தோல்மடிப்பு உண்டு. வரிகள் வயிற்றோரத்திலேயே நின்றுவிட, அடிவயிறு வெள்ளையாக இருக்கிறது. கால்களிலோ குளம்பு வரைக்கும் வளையம் வளையமாக இறங்குகின்றன. வாலுக்கு மேலே சின்னச் சின்னக் கோடுகள், ஏணிப்படிபோல. மூக்கின்மேல் செம்பழுப்பு. பாறையில் அவை ஏறும்போது குளம்பு தட்டும் ஓசை, கருங்கல்லில் சுத்தியல் விழுவதுபோல் கேட்டது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதே வறண்ட கரூ நிலத்தில் ஒரு காலத்தில் குவாகா என்ற இன்னொரு வரிக்குதிரை மந்தை மந்தையாகத் திரிந்தது. ஆட்டுக்கான புல்லைத் தின்கிறது என்று சுட்டார்கள், தோலுக்காகவும் சுட்டார்கள். அந்தத் தோலில் தானியப் பை தைத்தார்களாம். கடைசிக் குவாகா 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சிச் சாலையில் செத்தது. மலை வரிக்குதிரைக்கும் அந்தக் கதிதான் வந்திருக்கும். பாதுகாக்க வேண்டும் என்று கேட்டபோது, "கால்பந்துச் சட்டை போட்ட கழுதைகள்தானே" என்று அமைச்சர் ஒருவர் தட்டிக் கழித்ததாக இன்றும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. எப்படியோ 1937இல் பூங்கா அமைந்தது. அப்போது உள்ளே இருந்தவை ஐந்து ஆண், ஒரே ஒரு பெட்டை.

சுந்தரம், 1950இல் அந்தப் பெட்டையும் இல்லை. எஞ்சியவை இரண்டு ஆண்கள். வேலியும் காவலும் பெயர்ப்பலகையும் இருந்தன. பூங்காவில் வரிக்குதிரை மட்டும் அந்த இரண்டோடு முடிய வேண்டியது. காப்பாற்றியவர் பக்கத்துப் பண்ணைக்காரர். தன் நிலத்து மலையில் விட்டுவைத்திருந்த வரிக்குதிரைகளில் பதினொன்றைப் பூங்காவுக்குக் கொடுத்தார். அதிலிருந்து பெருகியதுதான் நான் பார்த்த குடும்பம். பிறகு இங்கிருந்து பிடித்துக்கொண்டுபோய் மற்றக் காப்பகங்களிலும் விட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இவை இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பகுதி கிராடாக் வழிவந்தவை. பூங்காவில் 2007இல் சிவிங்கிப்புலிகளையும் 2013இல் சிங்கங்களையும் விட்டிருக்கிறார்கள். இரை குறைந்துவிடும் என்ற பயமில்லாமல் வேட்டை விலங்குகளை விடும் அளவுக்கு நிலைமை மாறியிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒரு குறையும் உண்டு. இந்த இனம் மூன்றே மூன்று மலைகளில்தான் தப்பியது. கம்மனாசி, கம்காபெர்க் என்ற மற்ற இரண்டு மலைகளில் மிச்சமிருந்தவை மிகச் சொற்பம். அவற்றின் வாரிசுகள் கிராடாக் கூட்டத்தோடு வெகுகாலம் கலக்கவே இல்லை. அதனால் இரத்தக் கலப்பு குறைந்து, சில காப்பகங்களில் தோலில் கட்டிகள் வந்தன.

நீ கேட்டதற்கு இதைத்தான் எழுத நினைத்தேன். அந்தப் பண்ணைக்காரர் கொடுத்தது பதினொன்று. உன்னிடம் நான்கு பானை இருக்கிறது. ஆனால் நான்கையும் ஒரே பரணில் வைத்திருக்கிறாய். போன மழையில் அந்த ஓடு ஒழுகியதாக நீயே எழுதியிருந்தாய். நான் ஆவணி கடைசியில் திரும்புவேன். அதற்குள் ஒரு பானையைக் கீழத்தெரு வாத்தியாருக்குக் கொடுத்துவிடு. அவர் வயல் உன் வயலைவிட மேடு. இரண்டு படி எனக்கு எடுத்து வை. கிணற்றடியில் கால் காணி சும்மாதான் கிடக்கிறது. வந்ததும் நாற்றங்கால் விட்டுவிடலாம்.

அன்புடன்,
வேலாயுதம்