ஒரு மணியார்டர், இரண்டு பட்டுவாடா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நமக்காக வேலைகளைத் தானே செய்து முடிக்கும் மென்பொருளான ஏஐ ஏஜென்ட்டின் புத்திசாலித்தனத்தைப் பற்றித் தினமும் படிக்கிறேன். பாதி வேலையில் கரன்ட் போனால் அது என்ன செய்யும் என்று யாரும் எழுதக் காணோம்.

கோத்தகிரியில் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறேன். முன்பதிவைக் கவனிக்க ஏஜென்ட் ஒன்று வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டோம். 2025 மே மாதம், சேலத்துக்காரர் ஒருவர் இ-பாஸ் கிடைக்காமல் சனிக்கிழமை அறையை ரத்து செய்தார். (வார இறுதியில் நீலகிரிக்கு 8,000 வண்டிதான் என்று அந்த சீசனில் வரம்பு.) ஏஜென்ட், பணம் அனுப்பும் நிறுவனத்திடம் 4,800 ரூபாயைத் திருப்பச் சொன்னது, பணமும் போனது. போய்ச் சேர்ந்த தகவல் வருவதற்குள் மழையில் கரன்ட் நின்றது. திரும்ப வந்ததும் ஏஜென்ட் உரையாடலை முதலிலிருந்து படித்தது. அடடா, ரத்து செய்திருக்கிறாரே என்று இன்னொரு 4,800 அனுப்பிவிட்டது! நல்ல மனிதர், அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

நான் 31 வருடம் அஞ்சல் துறையில் இருந்தவன். மணியார்டர் பட்டுவாடா ஆனதா என்று சந்தேகம் வந்தால் பதிவேட்டைப் புரட்டுவோம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை பணம் கொடுக்க மாட்டோம். ஒரு எண்ணுக்கு ஒரு பட்டுவாடா, அவ்வளவுதான்.

கோவையில் மென்பொருள் வேலை பார்க்கும் மகள், 'இதுவும் அதேதாம்பா' என்றாள். ஏஜென்ட்டுக்கு அடியில் இருந்து அதை ஓட்டும் மென்பொருள், அதாவது ரன்டைம், ஒவ்வொரு படியையும் முடிந்தவுடன் டிஸ்கில் எழுதி வைக்க வேண்டுமாம். விழுந்து எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏஜென்ட்டின் மூளையான ஏஐ மாடல் ஏற்கெனவே சொன்ன பதிலையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். மறுபடி கேட்டால் வேறு பதில் சொன்னாலும் சொல்லும். பணம் அனுப்பும் படி மட்டும் தனி வம்பு. பணம் போய், எழுதுவதற்குள் கரன்ட் போனால்? அதற்காகக் கட்டளையோடு ஒரு எண் போகும். அதே எண் திரும்ப வந்தால், பணம் அனுப்பும் நிறுவனத்தின் கணினி 'இது முடிந்த கணக்கு' என்று பழைய பதிலையே தரும். ஐடெம்பொட்டன்சி கீ என்று பெயராம். எங்கள் எம்.ஓ. எண்ணுக்கு இப்படியொரு பெயர் வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

விற்றவரைக் கூப்பிட்டு, கரன்ட் போய் வந்தால் இது எங்கிருந்து தொடரும் என்று கேட்டேன். "கவலைப்படாதீங்க சார், அடுத்த மாசம் இதைவிடப் புத்திசாலி மாடல் வருது" என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கோத்தகிரி.